பதில் சல்யூட்

முப்பது வருடமாக சினிமாவில் போலீஸ் அதிகாரி வேடம் மட்டுமே கிடைத்த நடிகர் அருமைநாயகம், அன்றைய சாலை மறியலிலும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். கைதானவர்களை மாலைவரை வைத்திருக்கும் கல்யாண மண்டபத்துக்கென்று துண்டும் சர்க்கரை மாத்திரையும் பையில் வைத்திருந்தார். போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். அவரை மட்டும் யாரும் தொடவில்லை.

“நீங்க வீட்டுக்குப் போங்கய்யா. உங்க படம் பாத்துதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என்னையும் ஏத்துப்பா. நானும் இவங்களோட வந்தவன்தான்” என்று அருமைநாயகம் எழுந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் விறைப்பாக சல்யூட் அடித்தார். ஒரு கையில் கட்சிக் கொடியோடு நின்ற அருமைநாயகத்தின் மறு கை தானாக உயர்ந்து நெற்றியோரம் போய் நின்றது. வேனுக்குள் கோஷம் சட்டென்று நின்றது.

“தோழர்...” என்றாள் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, மறியலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக்கியம். வேன் போய்விட்டது.

கான்ஸ்டபிள் ஒருவர் இரண்டு பக்கமும் பஸ்களைக் கைகாட்டி நிறுத்தினார்.

“ஐயா, நீங்க போங்க.”

எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்கலாமா என்று அருமைநாயகம் நடுச்சாலையில் நின்றார்.