பயன்படாத திருத்தம்

"உன் கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன நோவு?" அரெப்பா என்ற சோள ரொட்டியைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான் பக்கத்து மேசை ஹெய்னர்.

பெரெய்ரா நகரத்தில் இருக்கும் அந்தத் தராசுக் கம்பெனியில் யோர்லாடி வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. காபி மூட்டை நிறுக்கும் மின்தராசின் சி மொழி நிரலைத் தராசில் ஓடும்படி கம்பைல் செய்ததும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தது: 'திருத்தம்' என்ற மாறிக்கு மதிப்பு இருக்கிறது, ஆனால் எங்கும் பயன்படவில்லை.

"எச்சரிக்கையை அணைச்சு வெச்சுடு, வாயை மூடிக்கும். நாங்க எல்லாரும் அப்படித்தான்."

அவள் அணைக்கவில்லை. அதே நிரலை அரசுச் சோதனைக்குப் போகும் தராசுக்காகக் கம்பைல் செய்தாள்; எச்சரிக்கை வரவில்லை. மலைக் கிராமங்களுக்குப் போகும் தராசுக்காகச் செய்தாள். மறுபடி வந்து நின்றது.

வரி வரியாகத் தேடினாள். நடுவில் ஓர் #ifdef, நிபந்தனை வைக்கும் வரி. 'சோதனை' என்று இருந்தால் மட்டும் திருத்தத்தை எடையோடு கூட்டு. இல்லையென்றால் அந்த வரி கம்பைலரின் கண்ணிலேயே படாது.

தராசின் உணரி மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்துத்தான் சொல்லும். அதைச் சரிக்கட்டத்தான் திருத்தமே.

"இது கவனக்குறைவு இல்ல ஹெய்னர். வேணும்னே செஞ்சது."

"விவசாயிங்ககிட்ட காபி வாங்குறவங்க கேட்டாங்க, கம்பெனி செஞ்சு குடுத்துச்சு. உனக்கென்ன வந்துச்சு?" விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கிக்கொண்டான்.

அவள் அப்பா அபெலார்டோ மலையில் இருக்கும் தங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில், இதே கம்பெனித் தராசில், பதினோரு வருஷமாக எடை போடுகிறவர். அவர் சொல்லும் எண்ணை நம்பி ஊரே கையெழுத்துப் போடும். சொந்தத் தோட்டத்துக் காபியை மட்டும் பழைய இரும்புத் தராசில் நிறுப்பார். கைக்குப் பழகினது என்பார். அந்த மனுஷனைப் போய்த் திருடனாக்கிவிட்டார்களே.

நடைவழிக்குப் போய்ப் போன் போட்டாள்.

"அப்பா, உங்க தராசு மூட்டைக்கு ரெண்டு கிலோ முழுங்குது. உங்களுக்கே தெரியாம உங்க கையால ஊரைத் திருட வெச்சிருக்காங்க. இன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

மறுமுனையில் மூட்டை இறங்கும் சத்தம். யாரோ எடை கேட்டார்கள். பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.

"தெரியும்மா," என்றார் அப்பா. "கொஞ்சம் மெதுவாப் பேசு."