வாசித்தால்தான் வாசல்

வாங்கிக் குவித்த புத்தகங்களை எப்படியாவது படித்துவிட வேண்டுமென்று, "வாசித்தால்தான் வாசல்" என, மனதை அறிந்து பேசும் வீட்டுப் பூட்டுக்கு விதி சொன்னவள் செல்வராணியேதான். அன்றைய பக்கங்கள் மனதில் ஏறாமல் கதவு திறக்காது.

மடியில் மகன் மூச்சுக்குத் திணறினான். அவள் கண் வரிகளில் ஓடியது. மனம் கர்த்தரைக் கூப்பிட்டது.

"கவனம் பக்கத்தில் இல்லை. முதலிலிருந்து வாசிக்கவும்," என்றது பூட்டு, மறுபடியும்.

கதவுக்கு வெளியே எதிர்வீட்டு ரசியா வந்து உட்கார்ந்தாள். "ஆம்புலன்ஸ் கீழதான் நிக்குது அக்கா. பூட்டுக்குப் படிக்காதீங்க. எனக்குக் கதை சொல்லுங்க, நான் ம் கொட்டுறேன்."

செல்வராணி ரசியாவுக்காக வாசித்தாள். வரிக்கு வரி "ம்" வந்தது. மெல்ல மனமும் கதைக்குள் வந்தது.

பூட்டு திறந்தது. மகனை வாரிக்கொண்டு ஓடினாள். தோளில் கிடந்தவன் சின்னதாக, "ம்" என்றான்.