கீழே விழும் விளையாட்டு

கடைசி எதிரித் தளபதி பதுங்கு குழியிலிருந்து தலையை நீட்டினான். நான் குறி பார்த்தேன். விளையாட்டு கீழே விழுந்துவிட்டது.

விழுந்தது என்றால், கணினித் திரையின் அடியில் உள்ள நீலப் பட்டையில் சிறு பெட்டியாகச் சுருங்கிப் படுத்துக்கொண்டது. தளபதி நின்ற இடத்தில் பச்சைப் புல்மேடும் நீல வானமும்.

கிழமைக்கணக்காக இதே தொல்லை.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டு ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, நல்ல சரிவு. இங்கே கை தவறிய தேங்காயைக் கண்டிச் சந்தைக்குப் போய்த்தான் பொறுக்கவேண்டும். ஆகவே விளையாட்டும் சரிவில்தான் வழுக்குகிறது என்று முடிவுகட்டி, மேசையின் ஒரு காலுக்கு அடியில் மட்டையை மடித்து வைத்தேன். அன்று முழுவதும் விழவில்லை. அன்று முழுவதும் மின்சாரமும் இல்லை, அது வேறு விஷயம்.

எனக்கு அவசரம் இருந்தது. விளையாட்டை முடித்துவிட்டேன், தளபதி என் காலைப் பிடித்து அழுதான் என்று திருச்செல்வத்திடம் எப்போதோ சொல்லியாயிற்று. திருச்செல்வம் என்னோடு கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவன். என் கதைகளில் ஒன்றையாவது பொய்யென்று நிரூபிக்காமல் கண்மூடுவதில்லை என்றிருப்பவன். தளபதி தப்பிய அன்றே மத்தியானத்துக்கு முன் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான்.

கட்டுகஸ்தோட்டையில் கணினி திருத்தும் ஷிராஸுக்குப் போன் போட்டேன். வந்தான்.

முன்பும் வந்திருக்கிறான். வைரஸ் தேடினான். பின்னால் ஓடிக்கொண்டிருந்த சில்லறை நிரல்களை நிறுத்தினான். விசைப்பலகையில் கொடிப் படம் போட்ட விசையில் விரல் பட்டாலும் விளையாட்டு விழும் என்று சொல்லி, அந்த விசையையே நெம்பிப் பிடுங்கி என் கையில் தந்தான். பள்ளத்துக்குள் ரப்பர் மொட்டு ஒன்று மிஞ்சியது.

“அதுலயும் வெரல வெச்சிராதீங்க அங்கிள், உழுந்துரும்” என்றான்.

நான் வைக்கவில்லை. விழுந்தது.

இப்போது அவன் உட்கார்ந்து விளையாடினான். விழவில்லை. நான் உட்கார்ந்தால் விழும், அவன் உட்கார்ந்தால் விழாது.

“ஒங்கட மூஞ்சப் பார்த்துத்தான் உழுகுது போல.”

நானும் ஆராயாமல் இல்லை. மழை பெய்தால் விழாது. ஞாயிற்றுக்கிழமை விழாது. பூசைக்குப் போகிற வேதக்கார வைரஸாக இருக்குமோ என்று கேட்டேன். ஷிராஸ் எழுந்தான். கணினிப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்புறம் பார்த்தான்.

“அங்கிள், ஒங்கட்ட எத்தன கீபோர்ட் இருக்கு?”

பின்னால் இரண்டு வயர்கள். ஒன்று என் விசைப்பலகைக்கு வந்தது. மற்றது பலகைச் சுவரின் ஓட்டைக்குள் நுழைந்து குசினிக்குப் போனது.

குசினியில் அது அரிசி புடைக்கும் ஒரு சுளகுக்கு அடியில் போய் முடிந்தது. சுளகைத் தூக்கினால், நாங்கள் கழித்துப் போட்ட பழைய விசைப்பலகை. கொடி விசை மட்டும் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது. பக்கத்தில் என் மனைவி லீலாதேவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்க்காமல், கத்தியால் யன்னலைக் காட்டினாள்.

அடுத்த வீட்டுச் சந்திராவதி தன் கேற்றடியில் நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபால்காரன் இன்னும் வரவில்லை. அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. அவளுடைய ஒரே மகன் இராணுவத்தில், மன்னார்ப் பக்கம் போர்முனையில் இருந்தான்.

“உங்கட வெடிச்சத்தம் கேட்டா அந்த மனிசி கேற்றைப் பிடிச்சபடி நடுங்குது. விளையாட்டு விழுந்தா சத்தமும் நிக்கும். நான் உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் தலையாட்டினீங்கள்.”

தலையாட்டியிருப்பேன். பற்றரியை மிச்சம்பிடிக்க, விளையாடும்போது காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரை முழுதாகத் திறந்துவிடுவது என் வழக்கம். ஷிராஸ் விளையாடினால் சத்தத்தைக் குறைத்து வைப்பான்.

அவன் இரண்டாவது வயரைக் கழற்றிச் சுருட்டி லீலாதேவியிடம் கொடுத்தான். இனிமேல் விழாது என்று எனக்கு உறுதி சொல்லிவிட்டுப் போனான்.

நான் காதுக் கருவியை மாட்டினேன். சத்தத்தை, எறும்பு நடப்பதுபோலக் கேட்கும்வரை குறைத்தேன்.

திருச்செல்வம் வந்தான். என்னைவிடச் செவிடன். கருவி மாட்டினால் கிழவன் என்று நினைத்துவிடுவார்களாம்.

“என்னடா வரதா, ஊமைப்படமே காட்டுறாய்?”

நான் தடுக்கமுன் எட்டி ஸ்பீக்கரின் குமிழைக் கடைசிவரை திருகினான். வீடு அதிர்ந்தது. இதையா நான் இத்தனை நாளும் தெருவுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்?

இடது கையைக் குமிழுக்கு நீட்டினேன். “விட்டிட்டு விளையாடடா” என்று என் கையைத் தட்டிவிட்டான்.

நான் நன்றாகத்தான் விளையாடினேன். அன்றுபோல் என்றும் விளையாடியதில்லை. பதுங்கு குழிக்கு முன்னால் ஆள் இல்லை. ஒரு கணம் வெடி ஓய்ந்தது. தளபதி தலையை நீட்டினான்.

அடுத்த வீட்டுக் கேற்றின் கொக்கி கிரீச்சிட்டது.

விளையாட்டு கீழே விழுந்தது. பச்சைப் புல்மேடு. நீல வானம்.

திருச்செல்வம் தொடையில் அடித்துச் சிரித்தான். “பிடிபட்டாய் புழுகா! இவ்வளவு வருசமும் தப்பினாய், இண்டைக்குப் பிடிபட்டாய்! கச்சேரிக்காரர் ஒருத்தர் விடாமல் சொல்லப்போறன்!”

“ஒழுங்கை சரிவு” என்றேன். “என்ன செய்யிறது.”

லீலாதேவி தேத்தண்ணித் தட்டோடு எங்கள் அருகில்தான் நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. பிடுங்கிய விசையின் பள்ளத்துக்குள் இன்னும் கிடந்த என் சின்னவிரலைப் பார்த்தாள்.