மிச்சமான ஒன்பது அடி

லாரி பின்பக்கமாக மட்டுமே நுழைய முடிந்த ஒரு சந்தில், பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்காக ஒரு தூண் நின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் இரும்பு உத்திரத்தை ஏற்றிய அன்றே சண்டை தொடங்கிவிட்டது.

"இந்தக் காங்கிரீட் வந்து என் முதுகுல படுத்துக்குவான், சுமக்கிறது மட்டும் நானா?" என்றது உத்திரம்.

"நான் இல்லேன்னா உன் மேல எவன் நடப்பான்?" என்று கலவை மெஷினுக்குள்ளிருந்து கத்தியது காங்கிரீட்.

தூண்தான் சமாதானம் பேசியது. "ஒருத்தரை ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சுக்குங்க தம்பிகளா. உத்திரம் இளைச்சாலும் தாங்கும். எனக்கும் பாரம் குறையும்."

அப்படியே ஆயிற்று. உத்திரத்தின் முதுகில் குமிழ் ஆணிகளைப் பற்றவைத்து, அவை மூழ்கும்படி காங்கிரீட்டை ஊற்றினார்கள். இறுகியதும் இரண்டும் ஒரே உடம்பாகிவிட்டன. மற்ற மாடிகளுக்கும் மெல்லிய உத்திரமே போதும் என்றானது. தூணுக்கு அப்பாடா என்றிருந்தது.

இன்ஜினியர் கிளமென்ட் டேப்பைச் சுருட்டிக்கொண்டே உரிமையாளரிடம் சொன்னார். "உத்திரம் மெலிஞ்சதுல மாடிக்கு முக்கால் அடி உயரம் மிச்சம் சார். பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒன்பது அடி. அனுமதி வாங்கின உயரத்துக்குள்ளயே இன்னொரு மாடி போட்டுடலாம்."

"போட்டுடுங்க" என்றார் உரிமையாளர். தூண் பக்கம் யாரும் திரும்பவில்லை.

பதின்மூன்றாவது மாடியும் ஏறியது. கட்டில், பீரோ, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வந்து சேர்ந்தன.

முதல் மாடி உத்திரம் கீழே பார்த்துக் கூப்பிட்டது. "அண்ணே, உங்க யோசனை பிரமாதம். எங்களுக்குப் பாரமே தெரியல. உங்களுக்கு?"

பதில் சொல்லத் தூணிடம் மூச்சு மிச்சமில்லை.