புக்கே தொடாத ஆள்

"புக்கே தொடாத ஆளுக்கு இன்னா புக்கு குடுக்கலாம், ஹெலன்?" என்று ஒருநாள் கேட்டான் கம்பெனித் தொழிலாளி ஜெரால்ட்.

பத்தாவதோடு அப்பா படிப்பை நிறுத்திவிட, கும்மிடிப்பூண்டி நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள் ஹெலன். முதலில் புகைப்படப் புத்தகம் கொடுத்தாள். அடுத்து ஓவியம். பிறகு, ரத்தம் தெறிக்காத துப்பறியும் கதை.

"உனுக்குத்தான்டி ரூட்டு வுடறான்," என்று சீண்டினாள் உடன் வேலை செய்யும் ரம்யா.

கதையைத் திருப்பிக் கொடுக்க வந்தவனிடம் ஹெலன் கேட்டேவிட்டாள். "யாருக்குண்ணா இதெல்லாம்?"

"உங்க நைனாவுக்குத்தான். அவரும் என் ஷிப்டுதான். 'படிப்ப நிறுத்துனதுக்கு எம்பொண்ணு அப்டி அழுதுச்சே, புக்குல இன்னாதான் கீது?'ன்னாரு. இப்போ டீ குடிக்கக்கூட எழுந்து வர மாட்றாரு!"

மறுநாள் ஹெலனை ஏற்றிவந்த அப்பாவின் வண்டி நூலகத்தைத் தாண்டிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் நின்றது. ஹெலனைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார் அப்பா.