எந்தப் பெயருக்கும் திரும்பாத நாய்

"பேரு என்னங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா, மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே.

நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தெரியாது என்று நான்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதெல்லாம் என் தலையில்தான் விழும்.

நாய் ஸ்டீல் மேஜையில் ஒருக்களித்துக் கிடந்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தண்ணீர்கூட உள்ளே தங்குவதில்லை. இனிமேல் வைத்திருந்தால் அதற்குத்தான் கொடுமை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எங்களிடம் வரும்போதே அது கிழம். பாதிப் பல் இல்லை. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

எங்கள் மகனிடமிருந்து எங்களுக்கு வந்தது இது ஒன்றுதான்.

இவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், எங்கேயோ லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டு ஒற்றை அறையில் இருந்திருக்கிறான். எனக்குக்கூட ஒரு போன் செய்ததில்லை, படுபாவி. கடைசியில் போன் செய்தது அவனுக்கு அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்தான். பைக்கில் போனவன் லாரியில் மாட்டிக்கொண்டானாம்.

எல்லாம் முடிந்து அறையைக் காலி செய்யப் போனோம். கதவை ஒட்டி இது படுத்திருந்தது. வேறு தெருவில் குடியிருந்த வீட்டுக்காரருக்கு இதன் பெயர் தெரியவில்லை. கூட வேலை பார்த்தவர்களோ, "அவன் நாய் வளர்த்தானா?" என்று எங்களையே கேட்டார்கள்.

நாய் என்றாலே ஆகாத மனுஷன் இவர், தானே அதைத் தூக்கிக் காரில் வைத்தார்.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். ஜிம்மி, டைகர், மணி என்று ஊரில் உள்ள நாய்ப் பெயரையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார். அவனுக்குப் பிடித்த பந்துவீச்சாளர்கள் ஒருத்தரையும் விடவில்லை. ஒருநாள், காலேஜில் அவன் யார் பின்னால் சுற்றினானோ அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை.

தட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து வரும். கேட் திறந்தால் தலையைத் தூக்கும். காதில் ஒரு கோளாறும் கிடையாது என்று டாக்டரம்மா போன தடவையே சொல்லியிருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அசையாது.

"அவன் என்னன்னு கூப்பிட்டானோ அப்படி ஒரே ஒரு தடவை கூப்பிட்டுட்டா போதும்டி" என்பார். அத்தனை வருஷமும் அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஜீவன் இதுதானே. நாமே புதுசாக ஒரு பெயர் வைத்துவிடலாம் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு முழுக்க மனுஷன் என்னோடு பேசவில்லை.

முன்பெல்லாம் பேசாமல் இருக்கிற ஆளா இவர்! லேத் பட்டறையில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. வாயைத் திறந்தால் வசவுதான். மகன் படியிறங்கிப் போன அன்றோடு எல்லாம் அடங்கிவிட்டது.

டாக்டரம்மா முதல் ஊசியைப் போட்டார். இது மயக்கத்துக்குத்தான், கண் சொருகியதும் அடுத்ததைப் போட்டுவிடலாம், அதற்குள் ஏதாவது பேசுவதானால் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

என்னத்தைப் பேசுவது? இவர் அதன் தலையைத் தடவிக்கொண்டே, "டைகர்" என்றார். அது சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அப்போதுதான் அதற்குக் குமட்டியது. மஞ்சள் தண்ணீராக இவர் சட்டைக் கை முழுக்க வாந்தி எடுத்துவிட்டு, எழுந்திருக்கப் பார்த்தது. நகம் ஸ்டீலில் வழுக்கியது. விளிம்புவரை சரிந்து, கீழே விழப் போனது. இவர் பாய்ந்து பிடித்தார்.

"டேய் தண்டம், சும்மா கெடயேண்டா!"

அதே பட்டறைத் தொண்டை. டாக்டரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சாகப்போகிற பிராணியைப் போய் இப்படித் திட்டுகிறாரே என்று நினைத்திருப்பார்.

நாயின் இரண்டு காதும் எழுந்து நின்றன.

தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் இவரைப் பார்த்தது. வால் மேஜையில் டப்பென்று அடித்தது.

இவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"தண்டம்" என்றார் மறுபடியும், மெதுவாக.

டப். டப்.

வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த மகனை இவர் அப்படித்தான் கூப்பிடுவார். தண்டம் எழுந்தாச்சா. தண்டத்துக்குச் சாப்பாடு ஆச்சா. அவனை இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே எனக்கு மறந்துவிட்டது. அவன் போன பிறகு அந்த வார்த்தைக்கும் எங்கள் வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று.

அதை அவன் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். வேலை முடிந்து வந்து, அந்த அறைக் கதவைத் திறந்து, தினமும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான். ஆத்திரத்தில் வைத்த பெயராகத்தான் இருக்கும். ஆனால் ஆத்திரத்தோடு கூப்பிட்டால் எந்த நாயும் இப்படி வாலை ஆட்டாது.

இவர் குனிந்து அதன் காதோடு வாயை வைத்துக்கொண்டார். தண்டம், என் தண்டம், தண்டம்டா நீ என்று கொஞ்சினார். கூப்பிடக் கூப்பிட வால் ஆடியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக ஆடியது. டாக்டரம்மா அடுத்த ஊசியைக் கையில் எடுத்தார்.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிழவர் முகம் முழுக்க நனைந்திருந்தது.

"நான் திட்டுறேன்னே நெனச்சுட்டானோடி?"

இல்லீங்க, வாலைப் பாருங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

வால் நின்றுபோயிருந்தது.