தட்டுக்குள் அடங்கிய ஆமை

"முழுசா வளர்ந்தா எவ்வளவு வரும்?"

கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவிக்கொண்டே கேட்டார் டெய்லர். கடையில் இருந்த ஒவ்வொரு ஆமைக் குட்டியையும் காட்டி இதே கேள்விதான்.

கடைக்காரர் பொறுமைசாலி. "இந்தக் குட்டை ரகம் எட்டு இஞ்ச். அதோட நின்னுடும். அந்தச் சாம்பல் நிறத்தை வாங்கினீங்கன்னா, ஒருநாள் அது கட்டில்ல படுக்கும், நீங்க தரையில படுப்பீங்க."

"அய்யய்யோ, குட்டை ரகமே போதும்."

விஷயம் இதுதான். டெய்லர் குடும்பம் மாடியில் வாடகைக்கு இருந்தது. கீழே வீட்டுக்கார அம்மா. ஆணி அடிக்கக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது என்று அந்த அம்மாவிடம் ஆயிரத்தெட்டுச் சட்டம். ஆமை வளர்க்கலாமா என்று கேட்டதும், தன் சாப்பாட்டுத் தட்டையே தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு.

"எவ்வளவு வளர்ந்தாலும் இந்தத் தட்டுக்குள்ள அடங்கணும். மாசா மாசம் வந்து வச்சுப் பார்ப்பேன். தாண்டுச்சுன்னா ஒண்ணு ஆமை போகணும், இல்ல நீங்க போகணும். ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

தட்டு பத்து இஞ்ச். டெய்லர் கண்ணாலேயே அளந்துவிட்டார். ஆளைப் பார்த்ததும் சட்டை அளவைச் சொல்கிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

"அப்பா, இது!"

கடைக்குக் கூட வந்திருந்த மகளின் விரலை ஒரு குட்டி மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. காலெல்லாம் சிவப்புப் புள்ளி.

"அது ஒரு அடியைத் தாண்டும் சார்" என்றார் கடைக்காரர்.

"வேற பாரும்மா."

மகள் அடம்பிடிக்கவில்லை. மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள். கண் மட்டும் குளமாகிவிட்டது. அடம்பிடித்திருந்தால் டெய்லர் எப்படியாவது சமாளித்திருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை; அந்தச் சிவப்புப் புள்ளிக் குட்டியையே வாங்கிவிட்டார்.

"குட்டை ரகம்மா. எட்டு இஞ்ச்சோட சரி" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கூசாமல் புளுகினார். அந்த அம்மா குட்டியைத் தட்டில் வைத்துப் பார்த்தார். தட்டின் நடுவில் அது ஒரு பொத்தான் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ம்" என்று கீழே இறங்கிப் போனார்.

ஆறேழு வருஷம் ஓடியது. ஆமையும் வளர்ந்தது. முதலில் செருப்பை நகர்த்தியது, அப்புறம் முக்காலியை. ஊரையெல்லாம் அளக்கிற டெய்லருக்கு அதன் முதுகில் டேப்பை வைக்க மட்டும் தைரியம் வரவில்லை. மாதாமாதம் வீட்டுக்கார அம்மா ஆமையைத் தட்டில் ஏற்றும்போதெல்லாம், தட்டையும் பார்க்காமல் ஆமையையும் பார்க்காமல் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ம், அடங்குது."

ஒவ்வொரு மாதமும் அதே பதில்தான்.

"எப்படிங்க அடங்குது?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

டெய்லருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தம்மாவுக்குக் கண்ணு போச்சு. யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பூனைன்னு சொல்லும். நமக்கு நல்ல காலம்!"

"சிரிக்காதீங்க. அவங்க கண் ஆபரேஷன் பண்ணிட்டு வந்துட்டாங்க. இப்ப ஊசிக் காது வரைக்கும் தெரியுதாம். நாளைக்கு வர்றாங்க."

டெய்லரின் சிரிப்பு பாதியில் நின்றது. முதல் தடவையாக ஆமை மீது டேப்பை வைத்தார். பதிமூன்று இஞ்ச்!

"அப்பா, இதை யாருக்காவது குடுத்துடப் போறோமா?" என்று கேட்டாள் மகள். இப்போது அவர் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். கண்ணில் மட்டும் அதே பழைய குளம்.

டெய்லர் டேப்பைச் சுருட்டி வைத்தார். மறுநாள் கடை திறக்கிற நேரத்துக்கே, பாத்திரக் கடைக்காரருக்குத் தைத்த சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மா வரும் நேரத்தில் வீட்டில் இருக்க அவருக்குப் பயமாக இருந்தது.

கடை வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே, முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கார அம்மா! சட்டென்று அடுக்கி வைத்திருந்த அண்டாக்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"இதே மாதிரி நீலக் கோடு போட்டது வேணும். ஆனா இதைவிட ஒரு சுத்து பெருசா" என்று கையிலிருந்த தட்டை நீட்டினார் அந்த அம்மா.

"போன வருஷமும் இதையேதானே கேட்டீங்க? அதுக்கு முந்தின வருஷமும்! என்னம்மா, வருஷா வருஷம் சாப்பாடு கூடிக்கிட்டே போகுதா?"

"சாப்பாடு எங்கய்யா கூடுது? மாடி வீட்டு ஆமைதான் கூடுது. அந்தப் பொண்ணுக்கு அதுன்னா உசுரு."

"அப்போ, ஆமை இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா ஆச்சு. எதுக்கு வீண் செலவு?"

"நான் போட்ட சட்டத்தை நானே மாத்துறதா? நல்லா சொன்னே போ! சொன்ன சொல்லை மாத்த முடியாது, தட்டைத்தான் மாத்தணும். சீக்கிரம் எடு. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சு இத்தனை வருஷம் நிம்மதியா இருந்த மனுஷன், ஆபரேஷன்னு கேட்டதும் ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டாரு. பாவம், இந்தத் தடவை நல்லா பெருசாவே குடு!"